ஜூன் மூன்றாம் வாரம், மூன்று பேர்

1

இந்த வருஷமும் ஜூன் மூன்றாம் வாரம் கடலுக்குப் போனேன். "போனேன்" என்று ஒருமையில் எழுதுவது இதுதான் முதல் தடவை. இதற்கு முந்தைய ஒன்பது வருஷமும் "போனோம்"தான்.

நான் இருப்பது ஜெர்மனியின் தெற்கில், கார் உதிரி பாகம் செய்கிற ஒரு சின்ன ஊர். கடல் இருப்பது வடக்கே. ரயிலில் ஒன்பது மணி நேரம், மூன்று இடத்தில் மாற வேண்டும். அங்கே கடலோரத்தில் பீட்டர்சன் அம்மா என்று ஒருத்தர் மாடி வீட்டை வாரக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார். ஓட்டலெல்லாம் இல்லை. சமையலறை, பாத்திரம், படுக்கை, இஸ்திரிப் பெட்டி வரை எல்லாம் இருக்கும். அரிசியும் புளியும் மட்டும் நாம் எடுத்துப் போனால் போதும். பால்கனியில் நின்றால் கடல், அதை ஒட்டி வெள்ளை மணல், மணலில் ஆள் உட்காருகிற பிரம்புக் கூடைகள் வரிசையாக. படத்தில் பார்த்தால் சொக்கிப் போவீர்கள். தண்ணீரில் காலை வைத்தால்தான் தெரியும், ஜூன் மாசத்திலும் ஐஸ்.

பால்கனியில் மூன்று நாற்காலி. சனிக்கிழமை போய் இறங்கியதும் ஒன்றில் நான் உட்கார்ந்தேன், ஒன்றில் பையை வைத்தேன், மூன்றாவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அனிட்டாவுடையது. அனிட்டா என் மகள், இருபது வயசு, வேறொரு ஊரில் படிக்கிறாள். புதன்கிழமை மதிய ரயிலில் வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு.

என் கைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. என் வேலையை ராஜினாமா செய்கிற கடிதம். கையெழுத்து மட்டும் போடவில்லை. மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அனிட்டா வந்தால் கடிதத்தைக் கிழித்துப் போடுவது. வராவிட்டால் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் இருக்கிற என் வீட்டுக்காரரிடம் போய்ச் சேர்வது. மகளுக்காகத்தானே இங்கே குந்தியிருக்கிறேன். அவளுக்கே நான் வேண்டாமென்றால் எனக்கு இந்தக் குளிரில் என்ன வேலை?

2

பத்து வருஷமாக ஒரே வீட்டுக்கு ஏன் போகிறோம் என்று கேட்பீர்கள். எல்லாம் என் வாயால் வந்த வினை.

எனக்குச் சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒயர் கட்டுகளைச் சரிபார்க்கிற லைனில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் யாரும் வாசலைத் தாண்டும்போது "போறேன்" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் முதுகில் ஒரு அடி விழும். "இன்னாடி போறேன்ற? வரேன்னு சொல்லு" என்பாள் எங்கம்மா. மளிகைக் கடைக்குப் போனாலும் "வரேன்"தான், துபாய்க்குப் போனாலும் "வரேன்"தான். திரும்பி வருகிறோமா இல்லையா என்பது வேறு விஷயம்.

முதல் வருஷம் கடல் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சாவியைக் கொடுத்தேன். மாடிப்படியில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை ஜெர்மன் மொழியில் "வீர் கேயன் உன்ட் கொம்மன்" என்றேன். நாங்கள் போகிறோம், வருகிறோம். அதாவது, போயிட்டு வரோம். எனக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

பீட்டர்சன் அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "வருகிறீர்களா? எப்போது?"

நம் ஊரில் விடைபெறும்போது யாராவது "எப்போ வருவே?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? மரியாதைக்கு எதையாவது சொல்வோம். நானும் சிரித்துக்கொண்டே, "அடுத்த வருஷம், இதே நேரம்" என்றேன். அவர் "நல்லது" என்றார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஜனவரியில் தபால் வந்தது. "தாங்கள் கேட்டுக்கொண்டபடி ஜூன் மூன்றாம் வாரம், மூன்று பேர், மூன்று படுக்கை விரிப்பு, நாய் இல்லை." கீழே கையெழுத்து. என் வீட்டுக்காரர் அந்தோணி அதை ரெண்டு தடவை படித்தார். அவர் வாலாஜாபாத்துக்காரர், சாதாரணமாகக் குரலை உயர்த்த மாட்டார்.

"ஸ்டெல்லா, நீ இன்னாத்துக்கு அந்தம்மாகிட்ட வாயக் குடுத்த?"

"நான் வரேன்னுதாங்க சொன்னேன்."

"அதத்தான் எழுதி வச்சிக்கினு கீறாங்க."

ரத்து செய்யலாமென்றால் எனக்கு வெட்கமாக இருந்தது. வரேன் என்று சொல்லிவிட்டு எப்படி இல்லையென்பது? சரி, இந்த ஒரு வருஷம் போய்த் தொலைப்போம் என்று போனோம். திரும்புகிற அன்று வாயைக் கட்டிக்கொண்டு வந்திருக்கலாம். படியில் கால் வைத்ததும் நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அவர் உடனே உள்ளே போய் நாள்காட்டியை எடுத்து வந்து பென்சிலால் எழுதினார். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் இதே கதை.

ஒரகடம் லைனில் கடைசி ஷிப்ட் முடிந்த அன்றைக்கும் இதையேதான் சொன்னேன். கூட வேலை பார்த்த தேவகி கேட் வரைக்கும் வந்து அழுதாள். "போயிட்டு வரேன்டி" என்றேன். "வந்துகினே இருப்ப, போடி" என்றாள். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதற்கப்புறம் ஊருக்கு நாலு தடவை போயிருக்கிறேன், அவளை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. கம்பெனி பஸ் கடந்து போகும்போது ஜன்னல்களை ஒரு பார்வை பார்ப்பேன், அவ்வளவுதான். நான் சொன்னதை நம்பி எழுதி வைத்துக்கொண்ட ஒரே மனுஷி இந்த உலகத்தில் பீட்டர்சன் அம்மாதான்.

3

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தோணியை ஒரகடத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனி அங்கே புது லைன் போட்டது, அதைப் பார்த்துக்கொள்ள இங்கே பழகிய ஆள் வேண்டுமாம். பதிமூன்று வருஷத்துக்கு முன் எங்களை ஜெர்மனிக்குக் கிளப்பிக்கொண்டு வந்த அதே கம்பெனி. அனிட்டாவுக்கு அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். நடுவில் எப்படிப் பிடுங்குவது? அதனால் நாங்கள் இருவரும் இங்கே தங்கினோம். அவர் விமான நிலையத்தில் "போயிட்டு வரேன்" என்றார். வந்தார், ஒரு கிறிஸ்துமஸுக்கு, பத்து நாள். பள்ளி முடிந்ததும் அனிட்டாவும் வேறு ஊருக்குப் படிக்கப் போனாள். இப்போது நாலு அறை வீட்டில் நான் ஒருத்தி. நான் பார்சல்களைச் சரிபார்க்கிற கிடங்கிலும் ஸ்கேனரின் பீப் சத்தம்தான் பேச்சுத் துணை. சில நாளில் ஒரு தமிழ் வார்த்தைகூட வாயைத் திறந்து பேசியிருக்க மாட்டேன். குழம்பு கொதிக்கும்போது அதோடு பேசுவேன். சிரிக்காதீர்கள்.

தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்குப் போன் செய்வேன். அங்கே ஷிப்ட் மாறி முடிந்திருக்கும். கடல் வீட்டிலிருந்து திங்கட்கிழமை பேசும்போது ஃப்ளாட் ஜன்னலைக் காட்டினார். மூன்றாவது மாடி. கீழே கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

"உனக்கு மட்டும்தான் கடலா? இங்கயும் மழ பேஞ்சா தண்ணி தெரியும்" என்றார்.

"படகு வாங்கி வச்சுக்கங்க."

"படகு கெடக்கட்டும். பீரோ வாங்கணும் ஸ்டெல்லா. துணியெல்லாம் அட்டப்பொட்டியிலயே கெடக்குது. கடைக்காரன் கேக்கறான், ஒத்தக் கதவா, ரெட்டக் கதவான்னு."

நான் கடலைப் பார்த்தேன்.

"நீ வர்றதா இருந்தா ரெட்டக் கதவு எடுத்துடலாம். உன் பொடவைக்கு ஒத்தக் கதவு பத்தாது. இன்னா சொல்ற?"

"இந்த வாரக் கடைசியில சொல்றேங்க."

"சரி. அவசரமில்ல" என்றார். மூன்று வருஷமாக அவர் ஒரு நாளும் "வந்துடு" என்று கேட்டதில்லை. பீரோவைத்தான் கேட்டார்.

4

புதன்கிழமை காலை எழுந்து மீன் வாங்கி வந்தேன். அனிட்டாவுக்கு என் கையால் வறுத்த மீன் என்றால் உயிர். மிளகாய்த்தூளை ஊரிலிருந்து வந்த பொட்டலத்திலிருந்து எடுத்துத் தடவி வைத்தேன். புகை அலாரம் அலறும் என்பதால் ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போட்டேன். போன வருஷம் அலறி, பக்கத்து வீட்டுக்காரர் செருப்பில்லாமல் ஓடி வந்துவிட்டார்.

பதினோரு மணிக்குப் போன்.

"அம்மா, இன்னிக்கு என்னால முடியாதும்மா."

"ரயிலை விட்டுட்டியா? அடுத்த ரயில் நாலு மணிக்கு இருக்கு."

"இல்லம்மா. நாங்க ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரும் வீடு மாத்தறோம்னு சொன்னேன்ல? சாவி இன்னிக்குத்தான் குடுக்கறாங்க. நான் இல்லன்னா அவங்க தனியா... அது எப்படிச் சொல்றது, அது ஃபேர் இல்ல."

"நாளைக்கு?"

"நாளைக்குப் பெயின்ட். ஸாரிம்மா. கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல."

"கோவம்தான். குரல்லயே தெரியுது."

"தெரிஞ்சா ஏன்டி கேக்கற?"

அங்கே யாரோ ஜெர்மன் மொழியில் அவளைக் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பதில் சொன்ன குரல் வேறாக இருந்தது, வேகமாக, சிரித்துக்கொண்டு. பிறகு என்னிடம், "சரிம்மா, நான் போறேன்" என்றாள்.

சின்ன வயசிலிருந்து இதற்காக அவளோடு சண்டை போட்டிருக்கிறேன். "வரேன்னு சொல்லுடி" என்பேன். "நான் எங்க வர்றேன்? இங்கேருந்து போகத்தானே போறேன்?" என்று எட்டு வயசில் திருப்பிக் கேட்டவள் அவள். இந்தப் புதன்கிழமை நான் திருத்தவில்லை. திருத்த மனசு வரவில்லை. அவள் சொன்னது சரிதானே, போகத்தான் போகிறாள்.

மசாலா தடவிய மீனைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு நகராட்சி விருந்தினர் அலுவலகத்துக்குப் போனேன். இங்கே கடலோரத்தில் தங்குகிற ஒவ்வொருவர் பேரையும், பிறந்த தேதியையும் அங்கே பதிய வேண்டும். அதற்கு ஒரு அட்டை தருவார்கள், அதைக் காட்டினால்தான் மணலில் இறங்கலாம். சனிக்கிழமையே அனிட்டா பேரையும் எழுதி அட்டை வாங்கியிருந்தேன். வராத ஆளின் அட்டையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கும் ஒரு படிவம். அதில் ஒரு கட்டம்: "வராததற்குக் காரணம்."

காலியாக விட்டுவிட்டுக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் அதைப் புன்னகையோடு என் பக்கம் தள்ளினாள்.

"இந்தக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும்."

"என்ன எழுதட்டும்?"

"காரணம்தான். நோய், வேலை, விபத்து, எதுவானாலும்."

என் மகள் வளர்ந்துவிட்டாள் என்பதை ஜெர்மன் மொழியில் ஒரு கட்டத்துக்குள் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. "வேலை" என்று எழுதினேன். அந்தப் பெண் முத்திரை குத்தினாள். வெளியே வந்து ஒரு பிரம்புக் கூடைக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அந்தக் கூடையில் ஒரு வசதி, மூன்று பக்கமும் மறைப்பு இருக்கும், எதிரே கடல் மட்டும்தான். அங்கேயே கடிதத்தை எடுத்துக் கையெழுத்தும் போட்டேன். தபால் உறை மட்டும் கையில் இல்லை.

5

வெள்ளிக்கிழமை மதியம் பீட்டர்சன் அம்மா மேலே வந்தார். வயசு எண்பதுக்குப் பக்கம். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. இஞ்சி தட்டிப் போட்டு டீ கொடுத்தேன். வருஷா வருஷம் குடித்து அவருக்கு அது பழகிவிட்டது.

"உங்களோடு ஒரு விஷயம் பேச வேண்டும்" என்று ஆரம்பித்தார். அடுத்த வருஷத்திலிருந்து வீட்டை வாடகைக்கு விடுகிற பொறுப்பை அவருடைய தங்கை மகள் ஒரு ஏஜென்சியிடம் கொடுக்கப் போகிறாளாம். பழைய விருந்தாளிகளில் வேண்டியவர்களுக்கு மட்டும் அவரவர் வாரத்தை ஒதுக்கி வைக்கச் சொல்லியிருக்கிறார். "நாளைக்குள் தெரிய வேண்டும். உங்களுக்கு எழுதட்டுமா?"

உறை வாங்கியாகிவிட்டது, கடிதம் உள்ளே இருந்தது. இனிமேலும் இந்த நல்ல மனுஷியை ஏமாற்றக்கூடாது என்று தோன்றியது. சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தேன்.

"பீட்டர்சன் அம்மா, உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். பத்து வருஷமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். முதல் வருஷம் 'வருகிறோம்' என்று நான் சொன்னது முன்பதிவு இல்லை. எங்கள் ஊரில் கிளம்பும்போது எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அதற்கு அர்த்தமே கிடையாது. நீங்கள் எழுதி வைத்துக்கொண்டீர்கள், நானும் வெட்கப்பட்டு வந்துகொண்டிருந்தேன்."

அவர் டீயை ஒரு மடக்குக் குடித்தார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"அர்த்தம் கிடையாது என்பது. முதல் வருஷமே தெரியும். உங்கள் மகள் சொன்னாளே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவர் மெதுவாகத்தான் சொன்னார். அன்றைக்கு நானும் அந்தோணியும் காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது அனிட்டா அவர் சமையலறைக்குள் போயிருக்கிறாள். பதினொரு வயசு. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "அம்மா சும்மா சொல்றாங்க. எங்க ஊர்ல அப்படித்தான் சொல்வாங்க. ஆனா நீங்க எழுதிக்கோங்க. எழுதிட்டீங்கன்னா அம்மாவுக்கு வெட்கமாப் போயிடும், கண்டிப்பா வந்துடுவாங்க. எனக்கு இங்க வரணும். இங்கதான் அம்மாவும் அப்பாவும் நாள் பூரா என்கூட இருக்காங்க."

"நான் எழுதினேன்" என்றார் பீட்டர்சன் அம்மா. "எத்தனை பேர் என்பதை அவளே எழுதினாள்."

கீழே போய், வீம்புக்கு மறுபடியும் படியேறி, ஒரு பழைய நாள்காட்டியைக் கொண்டு வந்து காட்டினார். எல்லா வருஷத்துடையதையும் வைத்திருக்கிறார். ஜூன் மாதம், மூன்றாம் வாரம், அவருடைய சாய்ந்த எழுத்தில் எங்கள் பேர். பக்கத்தில் பென்சிலை அழுத்தி எழுதிய ஒரு பெரிய 3. அனிட்டாவின் மூன்றுதான். அந்த வயசில் அவள் மூன்றுக்குக் கீழே ஒரு வால் போடுவாள், அதற்காக டீச்சரிடம் திட்டு வாங்குவாள்.

அந்த வருஷங்களில் எனக்கும் அந்தோணிக்கும் மாறி மாறி ஷிப்ட். அவள் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பள்ளியிலிருந்து வந்து தனியாகச் சாப்பிட்டுக்கொள்வாள். அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சமர்த்துப் பெண் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், பாவி.

6

சனிக்கிழமை காலை குப்பையை நாலு வகையாகப் பிரித்துப் போட்டேன். அடுப்பைத் துடைத்தேன். சாவியைக் கொடுத்தேன். பீட்டர்சன் அம்மா படியடியில் அடுத்த வருஷத்து நாள்காட்டியோடும் பென்சிலோடும் நின்றார், எதுவும் கேட்கவில்லை.

"வீர் கேயன் உன்ட் கொம்மன்" என்றேன்.

அவர் என் பின்னால் பார்த்தார். என் பெட்டியைத் தவிர யாரும் இல்லை. "எத்தனை பேர்?" என்றார். நான் பென்சிலை வாங்கி, மூன்று என்று நானே எழுதினேன்.

ரயிலில் ஏறியதும் அந்தப் பழைய நாள்காட்டிப் பக்கத்தின் போட்டோவை அனிட்டாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ரெண்டு ஸ்டேஷன் தாண்டி அவளுடைய பதில் வந்தது, ஆங்கில எழுத்தில் தமிழ்.

"அய்யோ. அவங்க சொல்லிட்டாங்களா?"

கொஞ்சம் கழித்து இன்னொன்று: "மீன் செஞ்சு வச்சிருந்தியா?"

"வச்சிருந்தேன்."

"அடுத்த வருஷம் வரேன்."

அதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. இது எங்கள் ஊர் வரேனா, பீட்டர்சன் அம்மா வீட்டு வரேனா? அவளையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ள அடுத்த ஜூன் வரைக்கும் நான் இங்கே இருந்துதானே ஆக வேண்டும். முதலாவது மாறும் ஸ்டேஷனில் இறங்கி, உறையோடு கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். காகிதத்துக்கான நீலத் தொட்டியில்தான் போட்டேன், வேறு தொட்டியில் போட்டால் இங்கே முறைப்பார்கள்.

அடுத்த ரயிலுக்கு நாற்பது நிமிஷம் இருந்தது. அந்தோணிக்குப் போன் செய்தேன். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

"புள்ள வந்துச்சா?" என்றார்.

"இல்லைங்க. அடுத்த வருஷம் வரேன்னு சொல்லியிருக்கா."

"ம்." அப்புறம், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "நீ எப்ப வர?" என்று கேட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக வாய்விட்டுக் கேட்டார்.

"வரேங்க" என்றேன்.

அவர் என்றைக்கு என்று கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே.

"சரி ஸ்டெல்லா" என்றார். "அப்ப ஒத்தக் கதவே எடுத்துக்கறேன்."